பனி எந்த வளைவில் தொடங்குகிறது?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பஸ் ஏறினால் அடிவாரத்தில் பளிச்சென்று வெயில் அடிக்கும். மேலே ஏரிக்கரையில் எதிரே வருகிறவரின் முகம் தெரியாத அளவுக்குப் பனி மூடியிருக்கும். அப்படியானால் பனி எத்தனையாவது வளைவில் தொடங்கியது? பஸ்ஸில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு எண் சொல்வார்கள், யார் சொல்வதும் பொய்யாக இருக்காது. பதினொன்றாம் வளைவுக்கும் பன்னிரண்டாம் வளைவுக்கும் நடுவே காற்றில் நடந்த மாற்றம், பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே நடந்ததைவிடப் பெரிதல்ல. எங்கேயும் கோடு இல்லை. இருந்தும் கீழே வெயில், மேலே பனி என்பதில் எவருக்கும் சந்தேகம் கிடையாது.

இது பழைய சிக்கல். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கச் சிந்தனையாளர் யூபுலிடீஸின் பெயரோடு சேர்த்து இதைச் சொல்வார்கள். ஒரு தானியக் குவியலிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்துக்கொண்டே வந்தால், எந்த மணியை எடுக்கும்போது அது குவியல் என்ற பெயரை இழக்கிறது? விடை கிடையாது. வேலை நடக்க வேண்டியவர்கள் விடைக்காகக் காத்திருப்பதும் இல்லை. விமானப் போக்குவரத்தில், பார்வைத் தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே போனால் மூடுபனி, அதற்கு மேல் என்றால் வெறும் பனிப்புகை என்று ஒரு கோட்டைப் போட்டுவிட்டார்கள். இயற்கையில் அந்தக் கோடு இல்லை என்பது விமானிக்கும் தெரியும். ஆனால் இறங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அவருக்கு ஒரு கோடு வேண்டும்.

கண்ணும் அந்த விமானியின் நிலையில்தான் இருக்கிறது. அதற்கும் கோடு வேண்டும். கோடு இல்லாத இடத்தில் அது என்ன செய்கிறது, ஓவியர்களும் சிற்பிகளும் நெசவாளர்களும் அதை எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பதை முதன்முறையாக இதைப் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு பிரிவினை. எதிரெதிரான இரண்டு நிலைகளுக்கு நடுவே இருப்பது என்று நாம் சொல்வதில் இரண்டு வகைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பகல் மெல்ல இரவாவது ஒரு வகை; இதைச் சரிவு என்று வைத்துக்கொள்வோம். ஒரே படம் ஒரு கணம் காளையாகவும் மறுகணம் யானையாகவும் தெரிவது இன்னொரு வகை; இது மாறாட்டம். முதல் வகையில் பொருளே உண்மையாக நடுவில் நிற்கிறது. பெயர் வைக்க நாம்தான் தடுமாறுகிறோம். இரண்டாம் வகையில் பொருள் அசையாமல் கிடக்கிறது. நாம்தான் இங்குமங்கும் போய்வருகிறோம். கலை பற்றிய கட்டுரைகளில் இரண்டையும் ‘மயக்கம்’ என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டும் கண்ணுக்குள் வேறு வேறு விதமாக நடக்கின்றன, இரண்டையும் உண்டாக்கும் கைத்திறனும் வேறு.

நிழலின் ஓரத்தில் ஒரு சோதனை

நல்ல வெயில் நேரத்தில் மொட்டை மாடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்துவையுங்கள். பரீட்சை அட்டை ஒன்றைத் தாளுக்கு மேலே ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்து அதன் நிழலைத் தாளில் விழச் செய்யுங்கள். இப்போது குனிந்து நிழலின் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் கத்தியால் வெட்டியதாக இருக்காது. சூரியன் ஒரு புள்ளியல்ல. வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அந்த வட்டின் ஒரு பகுதி மட்டும் அட்டையால் மறைக்கப்படுகிற இடமெல்லாம் அரைநிழல். ஒரு மீட்டர் உயரத்துக்கு அந்த அரைநிழல் ஒரு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் வெளிச்சம் படிப்படியாகக்கூட அல்ல, சரிவாக ஏறுகிறது.

இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நிழல் முடிந்து சரிவு தொடங்கும் இடத்தில், நிழலைவிடக் கறுப்பாக ஒரு மெல்லிய கோடு தெரியும். சரிவு முடிந்து வெயில் தொடங்கும் இடத்தில், வெயிலைவிட வெளுப்பாக இன்னொரு கோடு தெரியும். அட்டையை நகர்த்தினால் இரண்டு கோடுகளும் கூடவே வரும். தாளில் அப்படி எந்தக் கோடும் இல்லை. ஒளிமானியை வைத்து அளந்தால் வெறும் சரிவுதான் கிடைக்கும்.

1865இல் எர்ன்ஸ்ட் மாக் என்ற ஆஸ்திரிய இயற்பியலாளர் இதை விவரித்தார். அதனால் இவற்றுக்கு மாக் பட்டைகள் என்று பெயர். விமானத்தின் வேகத்தை ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டு ‘மாக் எண்’ என்கிறோமே, அவர்தான். விழித்திரையில் பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒன்றையொன்று அடக்குகின்றன என்று அவர் அப்போதே ஊகித்தார். நரம்பில் அதை அளந்து காட்ட 20ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன் குதிரைலாட நண்டின் கண்ணில் இந்த அடக்குமுறையைச் செல் செல்லாக அளந்தார். 1967 நோபல் பரிசில் அவருக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

வேலை நடக்கும் விதம் எளிது. ஒவ்வொரு செல்லும் தனக்குக் கிடைத்த வெளிச்சத்தை மேலே தெரிவிக்கும்போதே அண்டைச் செல்லின் குரலைக் கொஞ்சம் அமுக்குகிறது. நிழலின் நடுவே இருக்கும் செல்லுக்கு இரண்டு பக்கமும் இருட்டு, அமுக்குவார் அதிகமில்லை. நிழலின் ஓரத்தில் இருக்கும் செல்லுக்கு ஒரு பக்கம் வெளிச்சம். அந்தப் பக்கத்துச் செல்கள் அதைப் பலமாக அமுக்குகின்றன. எனவே அது உள்ளதைவிட இருட்டு என்று தெரிவிக்கிறது. மறு ஓரத்தில் இதற்கு நேர்மாறு. ஆகக் கண் அனுப்புவது வெளிச்சத்தின் அளவை அல்ல, வெளிச்சம் எங்கே மாறுகிறது என்ற செய்தியை. சரிவு தொடங்கும் இடமும் முடியும் இடமும் அதற்குச் செய்தி. நடுச்சரிவு அவ்வளவு பெரிய செய்தியல்ல.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். மாற்றம் அகலமாகப் பரந்து மெதுவாக நடந்தால் கண் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒரே ஒரு ஜன்னல் இருக்கும் அறையில் சுண்ணாம்படித்த சுவரைப் பாருங்கள். முழுவதும் ஒரே வெள்ளை என்றுதான் சொல்வீர்கள். போனில் படம் எடுத்துப் பார்த்தால் ஜன்னலோரம் வெள்ளை, மூலையில் நல்ல சாம்பல். ஓவியம் கற்க வருகிறவர்கள் இந்தச் சாம்பலைப் பார்க்கப் பழக வேண்டியிருக்கிறது. 2000இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் சைமன்ஸும் உடன் ஆய்வாளர்களும் ஒரு புகைப்படத்தில் ஒரு பெரிய பொருளின் நிறத்தை 12 விநாடிகளில் மெல்ல மாற்றிக் காட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு எதுவும் மாறியதாகவே தோன்றவில்லை. அதே மாற்றம் சட்டென்று நடந்தால் கண் துள்ளிப் பிடித்துக்கொள்ளும்.

செம்பருத்தி கறுக்கும் நேரம்

ஏற்காட்டில் லேடிஸ் சீட் என்ற இடத்திலிருந்து சேலம் நகரம் முழுவதும் தெரியும். மாலையில் அங்கே கூட்டம் அலைமோதும். எல்லோரும் போனை உயர்த்திப் பிடித்துச் சூரியன் மறைவதை எடுத்துக்கொண்டு, மறைந்ததும் திரும்பிவிடுகிறார்கள். உண்மையான வேடிக்கை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 டிகிரி இறங்கும்வரை உள்ள பொழுதை வானியலில் முதல் அந்தி என்று வைத்துக்கொள்கிறார்கள். 12 டிகிரி வரை இரண்டாவது, 18 டிகிரி வரை மூன்றாவது. அதற்குப் பிறகே முழு இரவு. சேலம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் இங்கே ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குகிறது; முதல் அந்தி இருபது நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும். லண்டனில் ஜூன் மாதத்தில் அதே அந்தி முக்கால் மணி நேரம் நீடிக்கும். மங்கல் வெளிச்சத்தை வரைந்தே பேர் வாங்கிய ஆங்கில ஓவியர் டர்னர் அந்த ஊர்க்காரர் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் ஓவியருக்கு அந்த வேலையை அவசர அவசரமாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த இருபது நிமிடத்தில் ஒரு செம்பருத்திச் செடியின் முன்னால் நில்லுங்கள். தொடக்கத்தில் பூ தீயாகச் சிவந்திருக்கும், இலை கரும்பச்சையாக இருக்கும். நேரம் போகப் போகப் பூ மங்கும். இலையும் மங்கும், ஆனால் பூ அளவுக்கு அல்ல. ஒரு கட்டத்தில் இலை சாம்பல் கலந்த வெளுப்பாகவும், பூ அதன் நடுவே கறுப்புப் பொத்தலாகவும் தெரியும். பகலில் எது பளிச்சென்று இருந்ததோ அதுவே இப்போது அதிக இருட்டு. செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யே இதை 1825இல் எழுதிவைத்தார்.

விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. கூம்புச் செல்கள் சுமார் 60 லட்சம். பகலுக்கும் நிறத்துக்கும் அவைதான். கோல் செல்கள் சுமார் 12 கோடி, இரவுக்கு அவை. கூம்புகள் மொத்தத்தில் மஞ்சள் கலந்த பச்சைக்கு, அதாவது 555 நானோமீட்டர் அலைநீளத்துக்கு, அதிகம் கூர்மையாக இருக்கின்றன. கோல்களின் உச்சம் நீலம் கலந்த பச்சையில், 507 நானோமீட்டர் அருகே. சிவப்பு வெளிச்சத்துக்குக் கோல் செல்கள் கிட்டத்தட்டக் குருடு. அந்தியில் கூம்புகள் கடையைக் கட்டத் தொடங்கும்போது கோல்கள் வேலைக்கு வருகின்றன. சிறிது நேரம் இரண்டும் சேர்ந்தே இயங்குகின்றன. அதாவது மாறுவது வானம் மட்டுமல்ல, பார்க்கிற கருவியும் அதே நேரத்தில் மாறுகிறது. அந்தியில் எடுத்த படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நேரில் பார்த்ததுபோல் இல்லையே என்று தோன்றுவதற்குப் பாதிக் காரணம் இது. கேமராவுக்குள் கோலும் இல்லை, கூம்பும் இல்லை.

நம் பழைய இலக்கணக்காரர்கள் பொழுதின் இந்த வழுக்கலைக் கவனித்திருக்கிறார்கள். குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை என்று ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பொழுதை வகுத்த தொல்காப்பியம், திணைகள் ஒன்றோடொன்று மயங்குவதற்கும் இடம் கொடுக்கிறது. ஆனால் நிலத்தோடு நிலம் மயங்கக் கூடாது என்கிறது. மலை மலையாகவே இருக்கும். அதன்மீது எந்தப் பொழுது வந்து உட்காரும் என்பதில் நெகிழ்ச்சி உண்டு. ஓவியருக்கும் இது நல்ல விதி. உருவத்தை உறுதியாக வைத்துக்கொண்டு வெளிச்சத்தை மட்டும் நழுவ விடலாம்.

விளிம்பைத் தொலைக்கும் வித்தை

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் நின்று பார்த்தால் சேர்வராயன் மலை நீலமாகத் தெரிகிறது. அடிவாரத்தில் அதுவே பச்சை. நடுவில் எங்கேயும் நிறம் மாறியதை எவரும் பார்த்ததில்லை. மலைக்கும் நமக்கும் நடுவே உள்ள காற்று சூரிய வெளிச்சத்தைச் சிதறடித்துத் தன் பங்குக்கு ஒரு நீலத் திரையைச் சேர்த்துக்கொண்டே போகிறது. தூரம் கூடக்கூடத் திரை தடிக்கிறது. பச்சை அதன் பின்னால் அமிழ்கிறது. பனித்துளிகள் காற்று மூலக்கூறுகளைவிடப் பல மடங்கு பெரியவை. அவை எல்லா நிறத்தையும் ஒரே அளவில் சிதறடிப்பதால் திரை வெள்ளையாகிறது. அதனால்தான் பனிக்காலையில் முன்னால் இருக்கும் சில்வர் ஓக் மரம் கறுப்பாகவும், அடுத்த வரிசை சாம்பலாகவும், அதற்கடுத்தது இருக்கிறதா இல்லையா என்ற ஐயமாகவும் நிற்கிறது.

இதைத் தாளில் கொண்டுவர முயலும் புதியவர்கள் தூரத்து மலைக்குப் பச்சையைத் தடவிவிட்டுப் படம் ஏன் தட்டையாக இருக்கிறது என்று கேட்பார்கள். நீர்வண்ணத்தில் வழி சுலபம். தாளை முதலில் தண்ணீரால் நனையுங்கள். ஈரம் மினுங்கி அடங்கி, தாள் இன்னும் சில்லென்று இருக்கும் பக்குவத்தில், மலையின் உச்சிக்கோட்டை மட்டும் நீலச் சாம்பலால் இழுங்கள். பிறகு தூரிகையைக் கழுவி, வெறும் தண்ணீரோடு அந்தக் கோட்டின் அடிப்பக்கத்தைக் கீழ்நோக்கி வருடுங்கள். வண்ணம் தானாகக் கீழே ஓடி மறையும். மேலே விளிம்பு, கீழே ஒன்றுமில்லை. மலை பனியிலிருந்து எழுந்து நிற்கும். தாள் அதிகம் நனைந்திருந்தால் உச்சியும் கரைந்துவிடும், காய்ந்திருந்தால் அடியில் கோடு விழுந்துவிடும். பக்குவம் கைக்கு வரச் சில தாள்கள் வீணாகத்தான் செய்யும்.

எண்ணெய் வண்ணத்தில் இந்த வித்தையின் உச்சம் லியோனார்டோ டாவின்சி. புகை கரைவதுபோல் விளிம்பில்லாமல் நிழலிடும் அவருடைய முறைக்கு இத்தாலிய மொழியில் ஸ்ஃபுமாட்டோ என்று பெயர். 1503 வாக்கில் தொடங்கிய மோனாலிசாவில் உதட்டின் கோடி எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. 2010இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அவருடைய ஓவியங்களை எக்ஸ் கதிர் கொண்டு அளந்தபோது, நிழல்கள் கண்ணாடிபோல் மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி உண்டாக்கப்பட்டவை என்று தெரிந்தது. எல்லாப் பூச்சும் சேர்ந்தே 30 முதல் 40 மைக்ரோமீட்டர் தடிமன்தான்.

அந்தச் சிரிப்பு ஏன் வந்து வந்து போகிறது என்பதற்கு ஹார்வர்டு நரம்பியலாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் 2000இல் ஒரு விளக்கம் தந்தார். நேராக உற்றுப் பார்க்கும் மையப் பார்வை நுணுக்கமான கோடுகளைப் பிடிக்கும். ஓரப் பார்வை அகலமான மங்கல் நிழல்களையே பிடிக்கும். மோனாலிசாவின் சிரிப்பு மங்கல் நிழல்களில் இருக்கிறது. அவள் கண்களைப் பார்க்கும்போது ஓரப் பார்வைக்குச் சிரிப்பு தெரிகிறது. அதைப் பிடிக்க உதட்டுக்குப் பார்வையைத் திருப்பினால் மையப் பார்வை வந்து அதைத் துடைத்துவிடுகிறது. முதல் வகை மங்கல் இங்கே இரண்டாம் வகை மாறாட்டமாகி நிற்பதைக் கவனியுங்கள்.

காளையா, யானையா

இரண்டாம் வகைக்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரத்தில், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலில் ரிஷப குஞ்சரம் என்ற சிற்பம் இருக்கிறது. ஒரு பக்கம் காளையின் உடல், மறுபக்கம் யானையின் உடல், நடுவே இரண்டுக்கும் ஒரே தலை. யானை உடலைக் கையால் மறைத்தால் அந்தத் தலை காளைத்தலை. காளை உடலை மறைத்தால் அதுவே யானைத்தலை. கையை எடுத்துவிட்டு இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முயன்று பாருங்கள். முடியாது. காளை வரும், போகும், யானை வரும். பாதிக் காளை பாதி யானை என்று ஒன்று வரவே வராது. வழிகாட்டிகள் இதைக் குழந்தைகளுக்கான வேடிக்கையாகக் காட்டிவிட்டு அடுத்த தூணுக்கு நகர்ந்துவிடுவது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஐரோப்பாவில் இந்த ஆராய்ச்சி பாறைப் படிகங்களிலிருந்து தொடங்கியது. சுவிஸ் நாட்டவரான நெக்கர் படிகங்களை வரைந்துகொண்டிருந்தபோது, கோடுகளால் மட்டும் வரைந்த உருவம் திடீர் திடீரென்று முன்பின்னாகப் புரள்வதை 1832இல் பதிவு செய்தார். அவர் பெயரில் இன்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் கோட்டுக் கனசதுரம் ஒன்று இருக்கிறது. 1915இல் டென்மார்க் உளவியலாளர் எட்கர் ரூபின் நடுவே ஒரு ஜாடியாகவோ இருபுறமும் எதிரெதிரே இரண்டு முகங்களாகவோ தெரியும் புகழ்பெற்ற படத்தைக் கொண்டு ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார். இரண்டு பரப்புகள் சந்திக்கும் விளிம்பு எப்போதும் ஒரு பக்கத்துக்கே சொந்தம். ஜாடிக்குச் சொந்தமானால் அது ஜாடியின் வளைவு. பக்கத்தில் இருப்பது வெறும் பின்னணி. முகத்துக்குச் சொந்தமானால் அது மூக்கும் உதடும். ஜாடி வெறும் வெளி. பட்டா இருவர் பெயரில் இல்லை. ஆகவே நடுநிலை என்பதும் இல்லை.

மாறாட்டம் எப்போது நிகழும்? 1967இல் உளவியலாளர் ஜெரால்ட் ஃபிஷர் ஒரு வரிசைப் படங்களை வெளியிட்டார். முதல் படம் ஓர் ஆணின் முகம். கடைசிப் படம் ஒரு பெண்ணின் முழு உருவம். நடுவே உள்ளவை கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகின்றன. முகத்திலிருந்து தொடங்கிப் பார்க்கிறவர் வரிசையின் பாதியைத் தாண்டியும் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பெண்ணிலிருந்து தொடங்கியவருக்கு அதே நடுப்படங்கள் பெண்ணாகவே தெரிகின்றன. படம் ஒன்றுதான், வந்த திசை வேறு. மனம் ஏற்கெனவே பிடித்ததை எளிதில் விடுவதில்லை.

இதை ஏற்காட்டுச் சாலையில் நீங்களே சோதிக்கலாம். ஏறும்போது ‘இதோ பனி வந்துவிட்டது’ என்று தோன்றிய வளைவின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது ‘பனி விட்டது’ என்று தோன்றிய எண்ணையும் குறியுங்கள். ஃபிஷரின் கணக்கு இங்கேயும் செல்லுமானால் இறங்கும்போது குறித்த வளைவு இன்னும் கீழே இருக்க வேண்டும். பனி ஓரிடத்தில் நிற்காத சரக்கு என்பதால் ஒரு நாள் பார்த்ததை வைத்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.

இரண்டையும் கோத்தவர்

சரிவையும் மாறாட்டத்தையும் ஒரே தாளில் கோத்தவர் என்று டச்சுக் கலைஞர் எஷரைச் சொல்வேன். 1938இல் அவர் செய்த ‘பகலும் இரவும்’ என்ற மரச்செதுக்குப் படத்தில், கீழே நடுவில் சாம்பல் நிறத்தில் சாய்சதுர வயல்கள். பார்வையை மேலே கொண்டுபோகப் போக வயல்களின் வரப்புகள் வளைந்து இறக்கைகளாகின்றன. வெள்ளை வயல்கள் வெள்ளைப் பறவைகளாகி வலப்பக்கத்து இரவுக்குள் பறக்கின்றன. கறுத்த வயல்கள் கறுப்புப் பறவைகளாகி இடப்பக்கத்துப் பகலுக்குள் பறக்கின்றன. கீழிருந்து மேலே போவது சரிவு. எந்த இடத்தில் வயல் பறவையாயிற்று என்று சொல்ல முடியாது. ஆனால் மேலே நடு வானத்தில் வெள்ளைப் பறவைக்கும் கறுப்புப் பறவைக்கும் இடையே வெளியே கிடையாது. ஒன்றின் பின்னணிதான் மற்றொன்று. அங்கே மாறாட்டம் தொடங்கிவிடுகிறது. வெள்ளையைப் பார்க்கும்போது கறுப்பு வானமாகிவிடும்.

இந்த இரண்டு வகையிலும் அடங்காத ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. சேலத்துக்குத் தென்மேற்கே திருச்செங்கோட்டு மலைமேல் மூலவரே அர்த்தநாரீசுவரர். ஆணும் பெண்ணும் மாறி மாறித் தெரிவதில்லை, ஒன்றில் மற்றொன்று கரைவதும் இல்லை. இரண்டும் முழுதாக, ஒரே உடலில். இதைச் சிற்பத்தில் எப்படிச் சாதிக்கிறார்கள் என்று பார்க்கச் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவெண்காட்டுச் சோழர்காலச் செப்புத் திருமேனி நல்ல பாடம். வலப்பக்கம் இரண்டு கைகள், இடப்பக்கம் ஒன்றே ஒன்று. இடப்பக்கத்தில் மார்பும் இடுப்பும் மெல்லத் திரள்கின்றன. எண்ணிக்கை ஒவ்வாத இந்தக் கைகள் கண்ணை உறுத்துவதில்லை. உடலின் நடுவே பிரிக்கும் கோட்டைத் தேடினால், செம்பு ஒரே வழவழப்பாக ஓடுகிறது. ஓரங்களில் வித்தியாசத்தை உரக்கச் சொல்லிவிட்டு, நடுவில் எதுவும் சொல்லாமல் விட்டிருக்கிறார் சிற்பி. கண் தேடுவது மாற்றம் நடக்கும் இடத்தை அல்லவா? அதை ஓரத்துக்குத் தள்ளிவிட்டால் நடுவில் அது சந்தேகப்படுவதில்லை.

மயில்கழுத்து

சேலத்தில் இருந்துகொண்டு தறியைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அம்மாபேட்டை, குகை பக்கம் போனால் இன்றும் தறிச் சத்தம் கேட்கிறது. வெளியூர்க்காரர்களுக்குச் சேலம் என்றால் வெண்பட்டு வேட்டி. எனக்கு இங்கே பேச வேண்டியது மயில்கழுத்துப் பட்டு.

பாவு, அதாவது நீளவாட்டு இழை, நீலம்; ஊடை, அதாவது குறுக்கு இழை, பச்சை. அல்லது மாற்றி. தறியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குகின்றன. ஓர் அடி தூரத்தில் கண்ணால் பிரித்தறிய முடிந்த மிகச் சிறிய இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. பட்டிழை அந்த எல்லையை ஒட்டியே இருப்பதால், கையில் வைத்துப் பார்க்கும்போது நீலமும் பச்சையும் தனித்தனியாக மினுங்குவதுபோலவும் தோன்றும், ஒன்றானதுபோலவும் தோன்றும். கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் இரண்டும் கலந்து மூன்றாவது நிறம் ஒன்று வருகிறது. சாயத்தொட்டியில் அந்த நிறம் கிடையாது. கண்ணில் மட்டும் கலக்கிறது. இது சரிவு.

இப்போது துணியைச் சாய்த்துப் பாருங்கள். பட்டு கண்ணாடிபோல் ஒரு திசையில் ஒளியைத் திருப்பும். பாவு ஓடும் திசை வேறு, ஊடை ஓடும் திசை வேறு. ஒரு சாய்வில் பாவு முந்திக்கொள்கிறது, இன்னொரு சாய்வில் ஊடை. கொசுவம் வைத்துக் கட்டியதும் ஒவ்வொரு மடிப்பின் முகட்டில் ஒரு நிறமும் பள்ளத்தில் இன்னொரு நிறமும் நிற்கின்றன. உடுத்தியவர் நடந்தால் இடம் மாறிக்கொள்கின்றன. இது மாறாட்டம். தூரத்தால் கலக்கவும் சாய்வால் பிரியவும் கூடிய ஒரு பொருளை நெசவாளர் எந்தக் கண்ணியல் புத்தகமும் படிக்காமல் செய்துவைத்திருக்கிறார்.

நிறங்கள் பக்கத்துப் பக்கத்தில் என்ன செய்யும் என்பதைப் பற்றிய முக்கியமான ஆய்வு ஒன்று நெசவிலிருந்துதான் வந்தது. 1824இல் பாரிஸின் கோப்ளின் நெசவுக்கூடத்தில் சாயப்பிரிவின் பொறுப்பை ஏற்ற வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்ற புகாரை விசாரித்தார். சாயத்தில் குறையில்லை. கறுப்பை நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததால் அது வெளிறித் தெரிந்தது. ஒரு நிறம் தன் அண்டை நிறத்தைத் தனக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளும் என்ற விதியை அவர் 1839இல் புத்தகமாக வெளியிட்டார். நிழலின் ஓரத்தில் செல்கள் ஒன்றையொன்று அமுக்கியதோடு நெருங்கிய உறவுள்ள சங்கதி இது.

ஆகவே பட்டு எடுக்கப் போகும்போது ஒரு யோசனை. மயில்கழுத்தோ வேறு இரட்டை நிறமோ, கவுண்டரில் விரித்த ஒரே கோணத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே எரியும் விளக்கில் பாவும் ஊடையும் ஒன்றாகத் தெரிந்தால் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போங்கள். கடைக்காரர்கள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. நான்கைந்து மடிப்பாகக் கொசுவம் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். முகட்டு நிறம் பிடித்து, பள்ளத்து நிறம் பிடிக்கவில்லை என்றால் வேறு புடவை கேளுங்கள். கரையையும் உடலையும் ஒன்றாக வைத்தே பாருங்கள். கரையின் நிறத்தைத் தனியாக விரலால் மறைத்துப் பிடித்துப் பார்த்துவிட்டு ‘அழகாகத்தானே இருக்கிறது’ என்று வாங்கினால், வீட்டில் உடலோடு சேர்ந்து அது வேறு நிறமாகியிருக்கும். புகார் சொல்லச் சாயக்காரரிடம் போவீர்கள். அவர் ஷெவ்ரல் சொன்ன பதிலையே சொல்வார்.